எடை குறைக்கும் டீயும் ஆவாரம்பூவும்

கேள்வி: எனக்கு வயது 44, நாலு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எடை குறையும் என்று ஒரு மூலிகை டீ வாங்கி தினமும் ராத்திரி குடித்ததில் பத்து நாளில் இரண்டு கிலோ இறங்கியது. ஆனால் வயிற்றை முறுக்குகிறது, விடியற்காலையில் கெண்டைக்கால் இழுக்கிறது. அதை விட்டுவிட்டு எங்கள் ரோட்டோரத்து ஆவாரம்பூவைப் போட்டுக் குடிக்கலாமா?
- ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: முதலில் அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள் சகோதரி. சென்னா என்றோ, அதன் தமிழ்ப் பெயரான நிலாவாரை என்றோ போட்டிருந்தால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். நிலாவாரை இலை பேதிக்குக் கொடுப்பது, மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் எடுத்தால் சரி, அதையே தினமும் டீயாகக் குடித்தால் உடம்பிலிருந்து தண்ணீரும் பொட்டாசியமும் போய்க்கொண்டே இருக்கும். இறங்கிய இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீராகத்தான் இருக்கும், கொழுப்பு அப்படியேதான் இருக்கும். கெண்டைக்கால் இழுப்பதும் இதனால் இருக்கலாம், டாக்டரிடம் டீயைப் பற்றிச் சொல்லி ரத்தத்தில் பொட்டாசியத்தைப் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலே வேர்த்து ஊற்றுகிற நம் கடற்கரையில் இப்படி இருக்கிற தண்ணீரையும் இழப்பது எனக்குப் பயமாகவே இருக்கிறது.

ஆவாரை நிலாவாரைக்குச் சொந்தக்காரச் செடிதான், ஆனால் உங்களுக்கு வேண்டியது அதன் மஞ்சள் பூ மட்டும், இலையைச் சேர்க்காதீர்கள். ரோட்டோரம் புகையும் தூசியும் படிந்திருக்கும், கொஞ்சம் உள்ளே நடந்து கண்மாய்க் கரையில் பறியுங்கள். நிழலில் மொறுமொறுவென்று காயவைத்து இறுக மூடுகிற பாட்டிலில் போடுங்கள், கடல்காற்றின் ஈரத்தில் சீக்கிரமே பூசணம் பிடித்துவிடும். காய்ந்த பூ ஒரு ஸ்பூன், கொதித்து இறக்கிய தண்ணீர் ஒரு டம்ளர், மூடி ஐந்து நிமிஷம், அப்புறம் வடிகட்டுங்கள், அவ்வளவுதான். உவர்த் தண்ணீரில் போட்டால் ருசியே இருக்காது, குடிதண்ணீரில் போடுங்கள். சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம், துவர்ப்புச் சத்து இரும்புச்சத்தைச் சேரவிடாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

ஆனால் குடிக்க ஆரம்பிக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். ஆவாரம்பூ சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கக்கூடியது, மாத்திரையும் சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கி கை நடுங்கலாம், படபடக்கலாம். பூ குடிக்கிறோமே என்று மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, சாயல்குடிக் கருப்பட்டி நல்லதுதானே என்று அதைத் தட்டிப் போடாதீர்கள். மணமும் ருசியும் எனக்கும் பிடிக்கும், ஆனால் உங்கள் ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான். இனிப்பில்லாமல் குடிக்க முடியவில்லை என்றால் ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டுப் பாருங்கள்.