டென்ட்டில் தங்கப் போகிறோம், இடுப்பு வலி உள்ளவர் எதில் படுப்பது?

கேள்வி: டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் இரண்டு இரவு டென்ட்டில் தங்கப் போகிறோம். என் கணவருக்கு (வயது 42) இரண்டு வருடமாக இடுப்பு வலி. போன வருடம் ஏற்காட்டில் ஏர் பெட்டில் படுத்துவிட்டு, காலையில் நிமிர முடியாமல் தவித்தார். மாமியாருக்கு (66) சுகரும் மூட்டுத் தேய்மானமும் உண்டு. கட்டில் போட்ட டென்ட்டுக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். "தரையில் படுத்தால் முதுகுக்கு நல்லதுதானே" என்கிறார் கணவர். என்ன செய்யலாம் டாக்டர்?
- வாசகி, மதுரை

பதில்: மாமியாருக்குக் கட்டில் போட்ட டென்ட்டையே எடுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மூட்டு தேய்ந்தவர்கள் தரையில் படுப்பதைக்கூடச் சமாளித்துவிடுவார்கள், நடு இரவில் பாத்ரூமுக்கு எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. சுகர் கட்டுக்குள் இல்லையென்றால் இரண்டு மூன்று தடவைகூட எழ வேண்டிவரும். இருட்டு, குளிரில் விறைத்த முட்டி, குனிந்து போக வேண்டிய டென்ட் வாசல் எல்லாம் சேர்ந்தால் விழுவதற்கு வேறென்ன வேண்டும்? அந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியவும் கூடும்.

பணம் கட்டும் முன் கட்டிலின் உயரத்தைக் கேட்டுவிடுங்கள். 'கட்டில்' என்று சொல்லி, முக்கால் அடி உயர மடக்குக் கட்டிலைப் போட்டுவைக்கும் இடங்களும் உண்டு. உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், முட்டி இடுப்பைவிட உயர்ந்து நிற்கக் கூடாது. சராசரி உயரம் உள்ளவருக்கு ஒன்றரை அடி சரியாக இருக்கும். பிடித்து எழுவதற்கென்று பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கத்தில் போடாதீர்கள், அது சறுக்கும். டார்ச்சும் செருப்பும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இனி உங்கள் கணவர். கட்டாந்தரை முதுகுக்கு மருந்து என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரைக் கடினமான மெத்தையிலும் நடுத்தரக் கடினமுள்ள மெத்தையிலுமாக 90 நாள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலியும் அன்றாட வேலைகளில் சிரமமும் அதிகமாகக் குறைந்தன. 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. ஆகவே வெறும் தரையும் வேண்டாம், உள்வாங்கும் மெத்தையும் வேண்டாம்.

ஏற்காட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. மதியம் அடித்த காற்று இரவுக் குளிரில் சுருங்கும், மெத்தை தொய்யும். தூளியில் கிடப்பதுபோல் இடுப்பு மட்டும் பள்ளத்தில் இறங்கிவிடும். ராத்திரி முழுக்க முதுகு அப்படியே வளைந்து கிடந்தால் காலையில் எப்படி நிமிர்வது? இந்த முறையும் ஏர் பெட்தான் என்றால், படுக்கப் போகும் முன் மறுபடி காற்றடியுங்கள். அவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, நீங்கள் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். இடுப்பு தரையைத் தொடக் கூடாது, கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகுத்தண்டு நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே டபுள் பெட் வேண்டாம். நீங்கள் புரண்டால் அவர் குலுங்குவார். ஒருக்களித்துப் படுத்தால் முட்டிகளுக்கு நடுவிலும், மல்லாந்து படுத்தால் முட்டிக்கு அடியிலும் ஒரு தலையணை வைத்துக்கொள்ளட்டும். எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும், நேராக எம்பக் கூடாது. காலில் மரத்துப்போதலோ பலவீனமோ இருந்தால் கிளம்பும் முன்பே ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சிறுநீர், மலம் கழிப்பதில் புதிதாக மாற்றம் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குளிரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். டிசம்பர் இரவில் அந்த மலைகளில் 10 டிகிரிக்குக் கீழே போவது சகஜம். எல்லோரும் மேலே போர்த்த இரண்டு கம்பளி கேட்பார்கள், கீழே விரிக்கக் கேட்கமாட்டார்கள். உடம்பின் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஏர் பெட்டுக்குள் இருக்கும் காற்றும் குளிர்ந்துபோவதால் அதுவும் காப்பாற்றாது. ஸ்லீப்பிங் பேக்கும் நம் எடையில் அடிப்பக்கம் நசுங்கி, அங்கே கதகதப்பு போய்விடும். கட்டிலிலும் இதே கதைதான், அடியில் குளிர்காற்று ஓடும். அதனால் இரண்டு கம்பளி கிடைத்தால் ஒன்றைக் கீழே விரியுங்கள். ஆளுக்கொரு ஃபோம் மேட் எடுத்துப் போவது இன்னும் நல்லது. குளிரில் தசை இறுகினால் இடுப்பு வலி கூடும், அதற்காகவும் சொல்கிறேன்.

மாமியார் விஷயத்தில் ஒன்றை மறக்கவே கூடாது. காலடியில் ஹாட் வாட்டர் பேக் வைத்துக்கொண்டு அவர் தூங்கக் கூடாது. சுகரால் பாதத்தின் உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடு உறைக்காது. காலையில் கொப்புளத்தோடு எழுவார்கள், அது ஆறாத புண்ணாகி விரலை எடுக்கும் அளவுக்குக்கூடப் போகலாம். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு படுக்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு, அவர் ஏறிப் படுக்கும் முன் எடுத்துவிடுங்கள். இறுக்கமில்லாத கம்பளி சாக்ஸ் போதும். காலையில் பாதத்தை நீங்களே ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

டென்ட்டுக்குள் கரி அடுப்போ, பார்பிக்யூ தணலோ, கேஸ் ஹீட்டரோ எக்காரணம் கொண்டும் வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

படுக்கையைப் புல்லில் காயப்போடாதீர்கள், புல்லில் நேராகப் படுக்கவும் வேண்டாம். புதர், புல்வெளிகளில் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணி கடித்தால் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் வரும். தமிழ்நாட்டில் மழையும் குளிருமான மாதங்களில் இதை நிறையவே பார்க்கிறோம். ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டி படும் இடங்களில் வலியில்லாத கருத்த பொருக்கு தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், மலையில் டென்ட்டில் தங்கியதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.