கொழுப்பு அடைப்பே இல்லாமல் மாரடைப்பு: கேள்வி-பதில்

கேள்வி: வயது 41. சுகர், பிரஷர் எதுவும் இல்லை. மாரடைப்பு என்று ஆஞ்சியோ எடுத்தார்கள். இதய ரத்தக்குழாய் தானாகக் கிழிந்திருக்கிறதாம். ஸ்டென்ட் வைக்காமல் மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். ஏழை என்று விட்டுவிட்டார்களோ?
- வாசகி, பாம்பன்

பதில்: இல்லை அம்மா, சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ரத்தக்குழாயின் சுவருக்குள் ரத்தம் கசிந்து தேங்கி, ரத்தம் ஓடும் வழியை அமுக்கிவிட்டது. கொழுப்பு படிந்து வரும் அடைப்பு வேறு, இது வேறு. இது வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பலருக்கு உங்களைப் போலவே எந்த நோயும் இருக்காது. பலூனும் ஸ்டென்டும் நுழைத்தால் கிழிசல் இன்னும் நீளக்கூடும். விட்டுவைத்தால் பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் தானாக ஆறிவிடும். வலி நிற்காவிட்டால், பிரஷர் இறங்கினால், இடப்பக்க முதன்மைக் குழாயே கிழிந்திருந்தால் மட்டும் ஸ்டென்ட் அல்லது பைபாஸ் பற்றி யோசிப்போம்.

கேள்வி: எனக்கும் இதே நோய்தான். தீவுப் பக்கம் முங்கிப் பாசி எடுப்பது என் பிழைப்பு. மறுபடி போகலாமா?
- சின்னப்பாலம்

பதில்: பிழைப்பு என்று தெரிந்தும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மூச்சை அடக்கி முங்குவதும், ஈரப் பாசி மூட்டையை முக்கித் தூக்குவதும் ரத்தக்குழாயின் மேல் திடீர் அழுத்தத்தை ஏற்றும். நடையை விடாதீர்கள், அது நல்லது. கரையில் பாசி காயவைக்கும் வேலையை எப்போது தொடங்கலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: மகளுக்குப் பிரசவமாகி மூன்று வாரம். நெஞ்சை அடைக்கிறது, இடது கை வலிக்கிறது. ஈசிஜி நார்மல், கேஸ்தான் என்கிறார்கள்.
- தொண்டி

பதில்: இதைப் படித்ததும் 108-ஐ அழையுங்கள். ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் இந்தக் கிழிசல் வரலாம். முதல் ஈசிஜி நார்மலாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஈசிஜியைத் திரும்ப எடுக்க வேண்டும். இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். பிரசவமான விவரத்தை முதலிலேயே சொல்லுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி இந்தக் கிழிசலை மோசமாக்கலாம்; அதைப் போடும் முன் டாக்டர் யோசிப்பார். ஆஞ்சியோதான் உறுதி செய்யும். அதிலும் சில கிழிசல்கள் சாதாரண அடைப்பு போலவே தெரிந்து ஏமாற்றும்.

கேள்வி: மறுபடி வருமா?
- கீழக்கரை

பதில்: சிலருக்கு வரும். பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதும், இதயத் துடிப்பையும் பிரஷரையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை நாமாக நிறுத்தாமல் இருப்பதும் அந்த வாய்ப்பைக் குறைக்கலாம். கழுத்து, சிறுநீரக ரத்தக்குழாய்களையும் ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அங்கேயும் பலவீனம் இருப்பதுண்டு. அடுத்த பிள்ளை வேண்டுமென்றால் முன்கூட்டியே இதய டாக்டரிடம் பேசிவிடுங்கள். அப்புறம், ஆஞ்சியோ சிடியைப் பத்திரமாக வையுங்கள். வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.