நாகர்கோவில் பக்கம் வீட்டு வேலிக்கு பிரிவெட் செடி வைக்கலாமா?

வைக்கப் பார்த்து ஏமாந்தவன் நான், அதனால் சொல்கிறேன். எனக்குத் தக்கலைப் பக்கம். இங்கிலாந்தில் அக்கா வீட்டுக்குப் போனபோதுதான் அந்த வேலியைப் பார்த்தேன். நெஞ்சளவு உயரம், சுவர் மாதிரி நெருக்கம். கையை உள்ளே விட்டால் முழங்கையோடு நின்றுவிடும். அத்தான் கோடையில் ரெண்டு மூணு தடவை கத்தரி பிடிக்காவிட்டால் தலைவிரித்து நிற்கும். கரிப்புகை படிந்த நகரத் தெருவிலும் பிழைத்துக்கொண்டதால்தான் அந்த ஊரில் அதற்கு இத்தனை மவுசு. வேலிக்கு அதிகம் வைப்பது ஜப்பான் வகை. வெட்டாமல் விட்ட மூலையில் வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாக இருந்தது. நெடி தாங்காமல் எனக்குத் தலைவலி. இத்தனைக்கும் மல்லிகைக் குடும்பம், நம் தோவாளைப் பிச்சிக்குத் தூரத்துச் சொந்தம்!

ஊருக்கு வந்து ஒரு நர்சரியில் கேட்டேன். "உண்டு சாரே" என்று மஞ்சள் இலைச் செடி முப்பது தந்தார்கள். இளம் ஊதாப் பூவும் ஆரஞ்சுக் காயும் வந்த பிறகுதான் அது துரந்தா என்று புரிந்தது. அந்தக் காய் நஞ்சு. பிரிவெட்டின் கறுப்புக் காயும் அப்படித்தான், ஆனால் பறவைகள் தின்று விதையைப் பரப்பும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சீன பிரிவெட் இப்படிக் காட்டுக்குள் புகுந்து பெரிய களையாகிவிட்டது. ரெண்டு மழையும் பெய்கிற நம் மாவட்டத்துக்கு அப்படி ஒன்றைக் கொண்டுவருவானேன்?

சரி, வேறு என்ன வைப்பது? மயிலாஞ்சி, அதாவது மருதாணி. வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர்களில் ஒன்று 'எகிப்து பிரிவெட்'. குடும்பம் என்னவோ மாதுளையுடையது. இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், பென்சில் கனக் குச்சிகளை ஒரு அடிக்கு ஒன்றாக ஊன்றினேன். செய்த தப்பு, ஆசைப்பட்டு உயரமாக விட்டது. அடியில் மொட்டைக் கால், பக்கத்து வீட்டுக் கோழிக்கு ராஜபாட்டை. மறுவருஷம் முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்ட பிறகுதான் அடியிலிருந்து கிளைத்தது. பிரிவெட்டையும் நட்டவுடன் இப்படிக் குறைத்து வெட்டுவதுண்டு என்று அத்தான் போனில் சொன்னார், ஒரு வருஷம் தாமதமாக.

கத்தரி வேலை இப்போது பாதிதான். பெருநாளுக்கு முந்தின நாள் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் கவரோடு வந்து கையெட்டுகிற வரை உருவிக்கொண்டு போய்விடும். தெருப் பக்கம் மட்டும். உள்பக்கம் நான்தான் வெட்ட வேண்டும். முற்றிய கிளை நுனி முள்ளாகிக் குத்தும், பார்த்துக்கொள்ளுங்கள்.