ஆஸ்கார் மீனோடு எந்தெந்த மீன்களைச் சேர்த்து வளர்க்கலாம்?

நான்கடித் தொட்டியில் ஆறு அங்குல டைகர் ஆஸ்கார் ஒன்று தனியாக இருப்பதாகவும், அதற்குத் துணையாக எந்த மீனை விட்டால் சண்டை வராது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தொட்டியைப் பொறுத்தவரை, எதையும் விடாமல் இருப்பதே நல்லது என்பதுதான் என் பதில். கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் நாலுக்கு ஒன்றரைக்கு ஒன்றரை அடித் தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி; விளிம்பு வரை நிரப்பினாலும் சுமார் 255 லிட்டர்தான் பிடிக்கும். மணலும் கல்லும் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டால் அது இன்னும் குறையும். நன்றாகத் தீனி கிடைக்கும் ஆஸ்கார் ஒன்று, ஒன்றரை ஆண்டில் ஓரடி நீளத்தை நெருங்கிவிடும். ஒன்றரை அடி அகலத்தில் அது உடம்பைத் திருப்புவதற்கே இடம் போதும் போதாததாக இருக்கும்போது, இரண்டாவது மீன் எங்கே போய் ஒதுங்கும்? தனிமையில் அது வாடுமே என்ற கவலையும் வேண்டாம். தீனி போடுபவர் அறைக்குள் நுழைந்ததுமே கண்ணாடியருகே வந்து நிற்கும் மீன் அது.

ஆறடித் தொட்டிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் பேச்சு வேறு. ஆறுக்கு இரண்டுக்கு இரண்டு என்றால் 24 கன அடி, ஏறக்குறைய 680 லிட்டர். தண்ணீரின் எடை மட்டுமே 680 கிலோ வரும் என்பதால், மாடி வீட்டில் இருப்பவர்கள் முதலில் தரை தாங்குமா என்று ஒரு பொறியாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

துணை மீனைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஆஸ்காரின் வாயைத்தான். அதன் அரைக்கும் பற்கள் தொண்டையில் இருக்கின்றன. வாய்க்குள் நுழையும் எதையும் விழுங்கிப் பார்க்கும். அதில் கோபமோ பகையோ கிடையாது, வெறும் பசிதான். கப்பி, டெட்ரா போன்ற சின்ன மீன்களை விடுவது தீனி போடுவதற்குச் சமம். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சிக்கிக்கொள்ளும் மீன்கள் அவற்றைவிட ஆபத்தானவை. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி இரண்டு அங்குலச் சக்கர் குட்டியைத் தலையில் கட்டிவிடுவார்கள். அதன் துடுப்பு முள் விறைத்து நின்றால் ஆஸ்காரின் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். இரண்டு மீனுமே சாகக்கூடும். சக்கர் வேண்டுமென்றால் ஏழெட்டு அங்குலத்துக்குக் குறையாததாக வாங்குங்கள். அதுவும் ஓரடிக்கு மேல் வளரும், நிறையக் கழிவு போடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வாயளவை மட்டும் பார்த்தால் போதும் என்று நினைத்து நானும் ஒருமுறை ஏமாந்தேன். பத்து அங்குல ஆஸ்கார் இருந்த ஆறடித் தொட்டியில், உடம்பில் கறுப்புக் கோடுகள் போட்ட கன்விக்ட் சிக்லிட் இரண்டை (ஆஸ்காரும் இந்தச் சிக்லிட் குடும்பம்தான்) விட்டிருந்தேன். மூன்று அங்குலம்தான் இருக்கும் என்றாலும் தடித்த உடம்பு, ஆஸ்காரால் விழுங்க முடியாது. சில மாதங்கள் பிரச்சினை இல்லை. ஒரு நாள் காலையில் ஆஸ்கார் ஃபில்டர் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில், தலையைக் கீழே தொங்கவிட்டுக் கரிக்கட்டை நிறத்தில் நின்றுகொண்டிருந்தது. வால் ஓரம் நார் நாராகக் கிழிந்திருந்தது. நோய் என்று நினைத்துத் தண்ணீரைச் சோதித்தேன், பாதித் தண்ணீரை மாற்றினேன், உப்புக் கரைத்து ஊற்றினேன். மூன்றாம் நாள் இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து கவனித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஆஸ்கார் ஓரடி நகர்ந்தாலே, கவிழ்த்து வைத்திருந்த மண் தொட்டியிலிருந்து வயிற்றில் ஆரஞ்சு நிறம் ஏறிய பெண் கன்விக்ட் பாய்ந்து வந்து வாலைக் கவ்வியது. டார்ச் அடித்துப் பார்த்தால், மண் தொட்டியின் உள்சுவரில் கடுகளவுக் குஞ்சுகள் கொத்தாக நெளிந்துகொண்டிருந்தன. அந்த ஜோடியை மண் தொட்டியோடு வேறிடத்துக்கு மாற்றிய இரண்டாம் நாள் ஆஸ்கார் தீனிக்கு மேலே வந்தது. அன்றிலிருந்து, குஞ்சு பொரிக்கும் வாய்ப்புள்ள சிக்லிட் ஜோடி எதையும் ஆஸ்காரோடு நான் விடுவதில்லை.

ஆகவே என் தேர்வு, ஆஸ்காருக்கு அளவில் நெருங்கியதாகவும், உருவத்திலும் நடமாடும் இடத்திலும் அதிலிருந்து மாறுபட்டதாகவும் இருக்கும் மீன்கள். சில்வர் டாலர் ஐந்தாறு இருந்தால் கூட்டமாக நடுத்தண்ணீரில் சுற்றிக்கொண்டிருக்கும். இறைச்சி தின்னும் பிரானாவின் உறவு என்றாலும் இலைதழை தின்னும் மீன். ஆறு அங்குலம் வரை வளரும், வட்டத் தட்டுப் போன்ற உடம்பு வாய்க்குள் நுழையாது, வேகமாகத் தப்பிக்கவும் தெரியும். அவை அச்சமின்றித் திரிவதைப் பார்த்தால் ஆஸ்காரும் பதற்றம் குறைந்து வெளியே வரும் என்பது கூடுதல் லாபம். சிக்லிட்டே வேண்டுமென்பவர்களுக்குச் சாதுவான செவரம் ஒன்று பொருந்தும். இவை எல்லாமே தென் அமெரிக்க ஆறுகளின் மீன்கள் என்பதால் தண்ணீர்த் தேவையும் வெப்பநிலையும் ஒத்துப்போகும்.

மலாவி ஏரியின் ஆப்பிரிக்க சிக்லிட்டுகள் நிறத்தால் மயக்கும். ஆனால் அவற்றுக்குக் காரத்தன்மையுள்ள கடினமான தண்ணீர் வேண்டும், சண்டை போடும் விதமும் வேறு. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். சண்டைக்கார மீனான ஃபிளவர்ஹார்ன் பற்றிப் பேசவே வேண்டாம். ரெட் டெயில் கேட்ஃபிஷ் குட்டியாக இருக்கும்போது அழகாகத்தான் இருக்கும். மூன்றடியைத் தாண்டி வளரும் அந்த மீன் பிறகு உங்கள் ஆஸ்காரையே விழுங்கும்.

சேர்க்கும் நாளில் செய்ய வேண்டியவையும் உண்டு. புதிய மீனை மூன்று, நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்து நோயில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, பெரிய தொட்டியின் கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். தன் எல்லை எது என்று ஆஸ்காருக்கே குழம்ப வேண்டும். ஆஸ்காருக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, விளக்கை அணைத்து, பிறகு விடுங்கள். செவுளை விரிப்பதும் சிறிது தூரம் துரத்துவதும் முதல் சில நாட்களுக்கு இயல்பே. வாயோடு வாய் கவ்வுவது தொடர்ந்தாலோ, ஒரு மீன் தீனிக்கே வராமல் மூலையில் நின்றாலோ, அன்றே பிரித்துவிடுங்கள். அதற்காக அந்தத் தனித் தொட்டியை ஃபில்டர் ஓடும் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும்.

பிரித்த மீனைப் பாவம் என்று ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். இப்படி வெளியேறிய சக்கர்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. வாங்கிய கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். காசைத் திருப்பித் தராவிட்டாலும் மீனைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.