உருளைக்கிழங்கு வாடல் நோய்ல "ஸ்ட்ரெயின்" கண்டுபிடிக்கிறதுன்னா என்ன?

ஸ்ட்ரெயின்னா ஒரே பாக்டீரியாவுக்குள்ள இருக்கிற வேற வேற வகை, அவ்ளோதான். நம்ம கிருஷ்ணகிரி மாங்கா மாதிரி நெனச்சுக்கோங்க, எல்லாம் மாங்காதான், ஆனா பெங்களூரா கூழ் ஃபேக்டரிக்குப் போகும், அல்போன்சா சாப்பிடப் போகும்.

இந்த நோயைக் கொண்டு வர்றது ரால்ஸ்டோனியாங்கிற பாக்டீரியா. மண்ணுல இருந்து வேர் வழியா ஏறி தண்டுல தண்ணி போற குழாய்ல பெருகி பிசின் மாதிரி அடைச்சுக்கும், சொட்டுநீர் பைப்பு அடைச்சா கடைசி செடி காயுமே அதே கதைதான். இதுல ஒரு வகை குளிர்ச்சியான இடத்துலயும் உருளையைத் தாக்கும், இன்னொரு வகை வெயில்ல தக்காளி கத்திரி மிளகாய்னு எதையும் விடாது, அதனால ஓசூர், தளி பக்கம் உருளை எடுத்த காட்டுலயே தக்காளி வைக்கிறவங்க கண்டிப்பா இதைத் தெரிஞ்சுக்கணும். என்னைக் கேட்டா நோய் வந்த காட்டுல அடுத்து ராகி போடுறதுதான் நல்லது.

வாடுன தண்டை வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணில தொங்க விடுங்க, கொஞ்ச நேரத்துல பால் மாதிரி வெள்ளையா நூல் இறங்குனா பாக்டீரியாதான். ஆனா எந்த ஸ்ட்ரெயின்னு இதுல தெரியாது, அதுக்கு லேப்ல பிசிஆர்ங்கிற சோதனை வெச்சு அதோட மரபணுவைப் பாக்கணும்.

நிறைய பேரு செடி வாடுனா தண்ணி பத்தலன்னு இன்னும் பாய்ச்சுறாங்க, அந்தத் தண்ணியே கிருமியைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டு போயிடும்.