வாசகர் கேள்வி – பதில்: தொட்டிக்குள் ஓர் அளவுகோல்

கேள்வி: 2016-ஆம் ஆண்டிலேயே மதுரை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சேர்க்கப்பட்டது. சென்சார், இணையம் என்று பேசுகிறார்கள். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவதற்கு இவற்றால் பயன் உண்டா? (வாசகி, ஆனையூர்)

பதில்: உண்டு. அந்தப் பயனைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் உங்கள் பகுதியின் மேல்நிலைத் தொட்டி. வைகை அணையிலிருந்து வரும் தண்ணீரைச் சுத்திகரித்து, குழாயில் கொண்டுவந்து, மின்சாரம் செலவழித்து மேலே ஏற்றிய பிறகு அது மண்ணுக்குள் கசிந்து போனால், தண்ணீரோடு மின்சாரமும் வீணாகிறது.

தொட்டியின் உச்சியில் ஒரு நீர்மட்ட சென்சாரைப் பொருத்தினால், அது நீர்ப்பரப்பை நோக்கி ஒலியலையை அனுப்பி, அலை திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு மட்டத்தைக் கணக்கிட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தகவல் அனுப்பும். இரவு பதினொரு மணிக்கு எல்லா வால்வுகளும் அடைக்கப்பட்டு, தொட்டிக்கு நீர் ஏற்றுவதும் நின்ற பிறகு, விடியற்காலை நான்கு மணிக்குள் மட்டம் 10 செ.மீ. இறங்கியிருந்தால், தொட்டியிலோ வால்விலோ இடைப்பட்ட குழாயிலோ கசிவு இருக்கிறது என்று பொருள். பத்து மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டி என்றால், அந்த 10 செ.மீ. ஏறத்தாழ 7,850 லிட்டர். நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் பார்த்தால், அது 58 பேருக்கு ஒரு நாள் தண்ணீர்.

நாள் முழுவதும் குழாயில் தண்ணீர் ஓடும் நகரங்களில், மக்கள் உறங்கும் பின்னிரவில் ஓடும் நீரின் அளவைக் கொண்டு கசிவை மதிப்பிடுவார்கள். முறை வைத்துத் தண்ணீர் விடும் நம் ஊர்களுக்கு அந்த வழி அப்படியே பொருந்தாது என்பதால்தான் தொட்டியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தில் குழாயில் அழுத்தம் இல்லாமல் போவதால், கசிகிற அதே விரிசல் வழியாக அருகிலுள்ள சாக்கடை நீரும் உள்ளே புகுந்துவிடும். முதல் குடம் கலங்கலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே கசிவை அடைப்பது சிக்கனத்தோடு உடல்நலத்தையும் சேர்ந்தது.

ஆனால் அந்தத் தகவல் யாரிடம் போய்ச் சேர வேண்டும்? நீளமான இரும்புச் சாவியோடு வந்து, குழியின் மூடியை நெம்பித் திறந்து, தெருவுக்குத் தண்ணீர் விடுகிறாரே, அவருடைய கைபேசிக்கு வர வேண்டும். அனுபவமுள்ள பணியாளர், குழாயின் மேல் இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, உள்ளே நீர் சீறும் ஓசையைக் கொண்டே உடைப்பைக் கண்டுபிடித்துவிடுவார். எங்கெங்கோ தேட வேண்டியவருக்குத் தேட வேண்டிய இடத்தைச் சுருக்கிக் காட்டுவதுதான் கருவியின் வேலை. கண்மாய் மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்க்கட்டி என்று ஒருவரை ஊரே பொறுப்பாக்கி வைத்திருந்த நாடு இது. அந்தப் பொறுப்பை எவரிடமும் ஒப்படைக்காமல் சென்சாரை மட்டும் வாங்கி மாட்டுவது பணத்தை வீணாக்கும் செயல் என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. முன்கூட்டியே அறிய வழி இல்லையா? (வாசகர், செல்லூர்)

பதில்: செல்லூர் கண்மாயின் உபரி நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகையில் சேர வேண்டும். மேலேயுள்ள கண்மாய்களில் உபரி நீர் வழிந்தோடும் கலுங்குகளிலும் வாய்க்கால் பாலங்களின் அடியிலும், சூரிய மின்சாரத்தில் இயங்கும் நீர்மட்டக் கருவிகளை வைத்தால், மேற்கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாயத் தொடங்கும்போதே கீழே இருப்பவர்களுக்குச் செய்தி வந்துவிடும். முதியவர்களை மாடிக்கு அழைத்துச் செல்லவும், அரிசி மூட்டையை மேலே ஏற்றவும், மின் இணைப்பைத் துண்டிக்கவும் அந்த இடைவெளி உதவும். வெள்ளத்தையே தடுக்க, வாய்க்காலைத் தூர்வாரி அகலப்படுத்தத்தான் வேண்டும். ஒரு பாலத்துக்கு மேல்புறம் மட்டம் ஏறிக்கொண்டே போக, கீழ்ப்புறம் ஏறாமல் நின்றால், அடைப்பு அந்தப் பாலத்தடியில்தான் என்பதையும் இரண்டு கருவிகளின் அளவுகள் காட்டிவிடும். மழைக்காலத்துக்கு முன் பொக்லைனை எங்கே முதலில் இறக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

கேள்வி: தெருவிளக்குகளை இணையத்தோடு இணைப்பதால் மின்சாரம் மிச்சமாகுமா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: மிச்சத்தின் பெரும்பகுதி சோடியம் விளக்கை எல்.இ.டி.யாக மாற்றும்போதே கிடைத்துவிடுகிறது. இணைப்பினால் கூடுதலாகக் கிடைப்பவை இரண்டு: நள்ளிரவுக்குப் பின் ஒளியைக் குறைத்துக்கொள்ளலாம், பகலிலும் எரியும் விளக்கையும் இரவில் எரியாத விளக்கையும் புகார் வருவதற்கு முன்பே அறியலாம். பேருந்து நிறுத்தங்களிலும், பெண்கள் வேலை முடிந்து திரும்பும் தெருக்களிலும் மட்டும் எந்த நேரத்திலும் ஒளியைக் குறைக்கக் கூடாது.