கேளுங்க சொல்றோம்: சயின்டிஸ்ட் சொன்னா சட்டமாக்கிடலாமா?

கேள்வி: சுற்றுச்சூழல் பாலிசி போடுறப்ப அதிகாரிங்க, மீனவர், விவசாயி, கம்பெனிக்காரங்கன்னு எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு பேசுறாங்க. விஷயம் தெரிஞ்சவங்க சயின்டிஸ்ட்தானே, அவங்க சொல்றதையே சட்டமாக்கிட்டா என்ன?

பதில்: இப்படிச் செஞ்சா இது நடக்கும், இதை இவ்வளவு உறுதியாச் சொல்லலாம்ங்கிறது வரைக்கும் அவங்க வேலைங்க. யாரு பிழைப்புல எவ்வளவு கை வைக்கலாம்ங்கிறதுக்கு எந்த லேப்லயும் விடை கிடைக்காது, அதை பேசித்தான் தீர்க்கணும்.

அதுவுமில்லாம அவங்க கைல இருக்கிற டேட்டாவே சில சமயம் அரைகுறையா இருக்கும். அலாஸ்கால நடந்ததைப் பாருங்க. 1977-ல சர்வதேச திமிங்கில ஆணையம் போஹெட்ங்கிற ஆர்க்டிக் திமிங்கில வேட்டைக்கு தடை போட்டுச்சு, ஏன்னா மிச்சமிருக்கிறது ரெண்டாயிரம்கூட தேறாதுன்னு ஒரு கணக்கு. தலைமுறை தலைமுறையா அந்த வேட்டையை நம்பி வாழ்ற அங்கத்திய பழங்குடி இனுப்பியாட் மக்கள் ஒத்துக்கல, பனி விளிம்புல நின்னு கண்ணுல படுறதை மட்டும் எண்றீங்க, அது பனிக்கு அடியிலயும் போகும், மூச்சு விட பனியை முட்டி உடைச்சுக்கும்னு சொன்னாங்க. இந்த மாதிரி பேச்சை வழக்கமா கட்டுக்கதைன்னு தள்ளிடுவாங்க. அங்க தள்ளல, தண்ணிக்குள்ள மைக்கை இறக்கி சத்தத்தைக் கேட்டாங்க, பார்த்தா கண்ணுக்கே படாம ஒரு பெரிய கூட்டம் போய்க்கிட்டு இருக்கு! 2001 கணக்குல 10,000-ஐத் தாண்டிருச்சு (நடுவுல நிஜமாவே பெருகவும் செஞ்சுது, எல்லாமே எண்ணுன முறையால வந்த வித்தியாசம் இல்ல). முழுத் தடையும் 1978-லயே, வருஷத்துக்கு இத்தனைதான்ங்கிற கோட்டாவா மாறிடுச்சு.

இதுல கவனிங்க, வேட்டைக்காரங்க சொன்னதையும் அப்படியே வேதவாக்கா எடுத்துக்கல, சோதிச்சுப் பார்த்துத்தான் ஏத்துக்கிட்டாங்க. சயின்டிஸ்ட் அந்த மேஜைல இருக்க வேண்டியது இதுக்குத்தான். ஆனா பல இடத்துல முடிவெல்லாம் எடுத்து முடிச்சப்புறம் ரிப்போர்ட்ல கையெழுத்து வாங்க மட்டும் கூப்பிடுறாங்க பாருங்க, அதுக்கு கூப்பிடாமலே இருக்கலாம். எதை அளக்கணும், எங்க அளக்கணும்னு முடிவு பண்றப்பவே எல்லாரும் ஒண்ணா இருந்தாத்தான் பின்னாடி அந்த நம்பரை நம்புவாங்க.

கேள்வி: ஐபிசிசி (காலநிலை மாற்றத்தைப் பத்தின ஐ.நா. அறிவியல் குழு) அறிக்கையை அரசாங்கங்க வரி வரியா பார்த்துத்தான் ஒப்புதல் தருதாமே, அப்ப அது அரசியல்தானே?

பதில்: வரி வரியா பார்க்கிறது ஆட்சியாளர்களுக்கான சுருக்கத்தை மட்டும்தான், பின்னாடி இருக்கிற தண்டி அறிக்கைய இல்ல. எழுதுன சயின்டிஸ்ட்டுங்களும் அதே ஹால்ல இருப்பாங்க, மூல அறிக்கையோட ஒத்துப்போகாததை நுழைக்கப் பார்த்தா விட மாட்டாங்க. வார்த்தைய கொஞ்சம் மழுப்புறது நடக்கும், இல்லைன்னு சொல்லல. ஆனா ஒவ்வொரு வரியா உக்காந்து ஓகே சொல்லிட்டு, அப்புறம் ஊருக்குப் போய் எங்களுக்கு இதெல்லாம் தெரியாதேன்னு எந்த அரசாங்கமும் கையை விரிக்க முடியாதுல்ல.